‘ரெய்டு’ என்னும் சொல்லும் செஞ்சிக் கோட்டைப் போர்களும்

செஞ்சிக் கோட்டையின் வரலாற்றை ஆங்கில நூல்களின் துணைகொண்டு தமிழில் எழுதப் புகும் ஆய்வு மாணவர் பலர் ஒரு சிறு சொல்லினிடத்து இடறுகின்றனர். ‘ரெய்டு’ என்பதே அச்சொல். அண்மையில் எம் பார்வைக்கு வந்த ஓர் ஆய்வேட்டின் ஒரே பக்கத்தில் இச்சொல் மூன்றிடத்து மூன்று விதமாகப் பெயர்க்கப்பட்டிருந்தது. ஓரிடத்தில் ‘கொள்ளை’, மற்றோரிடத்தில் ‘படையெடுப்பு’, மூன்றாமிடத்தில் ‘முற்றுகை’. முதலிரண்டும் பொருளைத் திரித்தன. மூன்றாவதோ பொருளைத் தலைகீழாக்கிற்று. கோட்டையை வளைத்திருந்த முகலாயப் படையின்மீது மராத்தியர் பாய்ந்து தாக்கிய நிகழ்ச்சி அங்குக் கூறப்படுகின்றது. அதனை ‘மராத்தியர் முற்றுகை’ என எழுதியதனால், முற்றியவர் யார், முற்றப்பட்டவர் யார் என்பதே மாறிவிட்டது. நூலைப் பயில்வோர் செஞ்சிக்கோட்டை அன்று முகலாயர் கையில் இருந்தது என்றன்றோ கொள்வர்?

ஆதலின் இச்சொல்லின் பிறப்பும் பொருளும் எவையெனக் கண்டு, அப்பொருட்கு நிகரான வழக்கு தமிழில் உண்டா என ஆராய்தல் வேண்டியதாயிற்று. இன்று நாளிதழ் படிப்போர் எவரும் அறிந்த சொல்லாக இஃது ஆகிவிட்டமையால் பொருள் தெளிவாக உள்ளதென்ற மயக்கமும் உடன் வளர்ந்துள்ளது. வருமான வரித்துறையினர் ஒரு வணிகர் இல்லத்துட் புகுந்தால் அது ரெய்டு. காவலர் சூதாடும் இடத்தை வளைத்தால் அதுவும் ரெய்டு. சடுகுடு ஆட்டத்தில் ஒருவன் கோடு கடந்து எதிரணியின் எல்லைக்குட் சென்றால் அதுவும் ரெய்டு எனவே அறிவிக்கப்படுகின்றது. இம்மூன்றனுள் சொல்லின் பழம்பொருட்கு மிக நெருங்கி நிற்பது சடுகுடுவே என்றால் சிலர் வியப்பர். அதனைப் பின்னர்க் காட்டுவோம்.

பழைய ஆங்கிலத்தில் ‘ராட்’ என்றொரு பெயர்ச்சொல் வழங்கிற்று. ஊர்தல், குதிரைமேற் செல்லுதல் என்பது அதன் பொருள். ‘ஊர்ந்து செல்’ எனப் பொருள்படும் வினையிலிருந்து அது பிறந்தது. அவ்வினையே இன்று ‘ரைடு’ என வழங்குகின்றது. குதிரைமேற் கூட்டமாகச் சென்று பகைவர் நிலத்தைத் தாக்குதல் என்ற பொருளும் அப்பழஞ்சொல்லுக்கு உண்டு. இச்சொல்லின் நெடில் உயிர் தென்னாட்டு ஆங்கிலத்தில் ஓகாரமாகத் திரிந்தது. வடபுலமாகிய ஸ்காட்லாந்து வழக்கில் அவ்வாறு திரியாது வேறொரு வழியிற் சென்று ஏகாரச் சாயல் பெற்றது. கல்லைக் குறிக்கும் சொல் தெற்கே ‘ஸ்டோன்’ எனவும் வடக்கே ‘ஸ்டேன்’ எனவும், வீட்டைக் குறிக்கும் சொல் தெற்கே ‘ஹோம்’ எனவும் வடக்கே ‘ஹேம்’ எனவும் ஒலித்தல் இதற்கு ஒப்பு. அம்முறையே ‘ராட்’ என்பது தெற்கே ‘ரோடு’ ஆயிற்று. வடக்கே ‘ரெய்டு’ ஆயிற்று. எனவே நம் சிற்றூர் மக்களும் வழங்கும் ரோடு, இளைஞர் வழங்கும் ரைடு, செய்தித்தாள் வழங்கும் ரெய்டு ஆகிய மூன்றும் ஒரு வேரின் கிளைகள் என்க.

‘ரோடு’ என்பது வழி, சாலை என்னும் பொருளைப் பெற்றது பிற்காலத்தேயாம். பதினாறாம் நூற்றாண்டின் இறுதிக்கு முன் அப்பொருள் ஆங்கிலத்தில் பெருகக் காணப்படவில்லை. அதற்கு முன்னர் அச்சொல்லுக்குத் தாக்குதற்பொருளும் இருந்தமைக்கு ‘இன்ரோடு’ என்னும் தொடர்ச்சொல் இன்றளவும் சான்றாக நிற்கின்றது. பகைவர் எல்லைக்குட் பாய்தல் என்பதே அதன் பொருள். சாலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதனோடு ஒன்று கூறுதல் தகும். கிழக்கிந்தியக் கும்பினியின் ஆவணங்களில் ‘மெட்ராஸ் ரோட்ஸ்’ என வருமிடங்களைச் ‘சென்னைச் சாலைகள்’ எனப் பெயர்த்துவிடுவாருளர். அது கரைக்கு அப்பால் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கும் கடற்பரப்பு. கப்பல் ஊர்ந்து நிற்கும் இடம் என்ற கருத்தில் அப்பழஞ்சொல் ஈந்த மற்றொரு பொருள் அது. கடலின் நடுவே சாலை போட்ட பிழைக்கும் செஞ்சியில் முற்றுகையைத் திருப்பிய பிழைக்கும் வேர் ஒன்றே.

இனி, வடக்கே பிழைத்த ‘ரெய்டு’ எந்நிலத்தில் வாழ்ந்தது என்பது கருதற்குரியது. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லைப்புறத்தில், பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி 1603இல் இருநாட்டு முடியும் ஒருவர்க்கே உரியவாகும் வரையில், இருபுறத்துக் குடியினரும் இரவிற் குதிரையேறிச் சென்று ஒருவர் ஆநிரையை ஒருவர் கவர்ந்துவருதலைத் தொழிலாகக் கொண்டிருந்தனர். கூதிர்ப் பருவத்து நெடிய இரவுகளே அவர்க்குரிய காலம். வழியறிந்து செல்ல நிலவு துணை. கவர்ந்தவரைப் பின்தொடர்ந்து மீட்பதற்கும் அந்நிலத்துக்கெனச் சட்டம் இருந்தது. ஆநிரை இழந்தவன் ஆறு நாளுக்குள் வேட்டைநாயும் கொம்பொலியும் கொண்டு, வேல்நுனியில் எரியும் கரிமண் கட்டியைக் குத்தி ஏந்தி, எல்லை கடந்து துரத்தலாம். வழியில் எதிர்ப்படுவோர் அவனுக்குத் துணைசெய்தல் வேண்டும். எரியும் கட்டியை ஏந்திச் செல்வோன் களவுக்குச் செல்லவில்லை, தன் உடைமையை மீட்கச் செல்கின்றான் என்பதற்கு அதுவே அடையாளம்.

புறத்திணை பயின்றார்க்கு இதனுள் புதுமை யாதும் இல்லை. முன்னது வெட்சி, பின்னது கரந்தை. 1575இல் ரீட்ஸ்வயர் என்னுமிடத்து நேர்ந்த எல்லைப் பூசலும், 1582இல் சிறுவனாயிருந்த ஸ்காட்லாந்து மன்னன் ஆறாம் ஜேம்ஸைப் பெருங்குடியினர் சிலர் கைப்பற்றிச் சிறைவைத்த நிகழ்ச்சியும் அந்நாட்டு வரலாற்றில் ‘ரெய்டு’ என்னும் பெயராலேயே குறிக்கப்படுகின்றன. ஆவைக் கவர்வது போன்றே அரசனைக் கவர்வதற்கும் ஒரே சொல் போதியதாயிற்று.

பதினேழாம் நூற்றாண்டிற்குப் பின் எல்லைப் பூசல்கள் அடங்கின. சொல்லும் வழக்கு வீழ்ந்தது. அதனை மீட்டெடுத்துப் பொது ஆங்கிலத்துக்கு அளித்தவர் சர் வால்டர் ஸ்காட். எல்லைப்புறத்து நாட்டுப்பாடல்களைத் தொகுத்து 1802ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட அவர், 1805இல் வெளிவந்த தம் நெடும்பாட்டிலும் பின்னர் எழுதிய புதினங்களிலும் இத்தகைய பழஞ்சொற்களை விரும்பி ஆண்டார். அவரைப் பின்பற்றிப் பிறர் ஆண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சொல் பரவியது. காவற்றுறையின் திடீர்ச் சோதனையும் அப்பெயர் பெற்றது. 1895ஆம் ஆண்டின் இறுதியில் ஜேம்சன் என்பார் தென்னாப்பிரிக்காவில் டிரான்சுவால் நாட்டுள் குதிரைப்படையுடன் புகுந்து தோல்வியுற்ற செயல் ‘ஜேம்சன் ரெய்டு’ எனப் பெயர்பெற்றது. முதல் உலகப்போரில் வானிலிருந்து குண்டுவீசும் தாக்குதலுக்கும் அதுவே பெயராயிற்று. குதிரையிற் பிறந்த சொல் வானூர்தி ஏறிற்று.

கடலிலும் அஃது உலவியமைக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, கார்ல் வான் முல்லர் தலைமையில் வந்த ‘எம்டன்’ என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தை அண்மித்துக் குண்டெறிந்து எண்ணெய்க் கொள்கலங்களைத் தீக்கிரையாக்கிவிட்டுச் சில நிமிடங்களில் இருளில் மறைந்தது. ஆங்கிலேயர் அத்தகைய கப்பலை ‘ரெய்டர்’ என்றனர். தமிழரோ கப்பலின் பெயரையே பொதுப்பெயராக்கி, துணிவும் சூழ்ச்சியும் மிக்கவனை ‘எம்டன்’ எனக் கூறலாயினர். மொழிபெயர்ப்பாளர் நூற்றுவர் கூடிச் செய்யமாட்டாததை மக்கள் வழக்கு ஓரிரவில் செய்துவிட்டது.

இச்சான்றுகள் அனைத்தையும் ஒருங்குவைத்து நோக்கின், ரெய்டு என்பதன் பொருளில் மூன்று கூறுகள் பிரியாது நிற்றல் புலனாகும். விரைந்து செல்லுதல் ஒன்று. பகைவன் ஆயத்தமில்லாப் பொழுது தாக்குதல் மற்றொன்று. கருதியது முடித்துத் தன்னிடம் மீளுதல் மூன்றாவது. மூன்றாவதே இதனைப் பிற தாக்குதல்களினின்றும் பிரித்துக் காட்டுவது. நிலத்தைப் பிடித்து அங்கேயே தங்குவது ரெய்டு அன்று. சடுகுடு ஆட்டத்தை மேலே சுட்டியது இதுபற்றியே. பாடிச் செல்பவன் தொட்டால் மட்டும் போதாது. மூச்சு விடாது தன் கோட்டைத் தாண்டி மீண்டால்தான் அவனுக்கு வெற்றி. வருமான வரித்துறையினரின் சோதனையில் குதிரையும் இல்லை, பூசலும் இல்லை. எதிர்பாராமை ஒன்றே எஞ்சியது. அக்கூறு ஒன்றையே இன்றைய வழக்கு முதன்மையாகக் கொண்டமையால் ‘திடீர்ச் சோதனை’, ‘அதிரடிச் சோதனை’ என்னும் பெயர்ப்புகள் அவ்விடத்துக்குப் பொருந்துகின்றன. அவற்றை வரலாற்றுக்குக் கொண்டுபோதல்தான் பொருந்தாது.

தாக்குதலைக் குறிக்கும் ஏனைய ஐரோப்பியச் சொற்களும் இவ்வாறே ஏதேனும் ஒரு கூற்றைப் பற்றிக்கொண்டு பிறந்தவை. ‘ஃபோரே’ என்பது தீவனம் தேடிச் செல்லுதலிற் பிறந்தது. ‘ஆம்புஷ்’ என்பது காட்டினுள் மறைந்திருத்தலிற் பிறந்தது. 1940இல் ஆங்கிலத்திற் பரவிய ‘பிளிட்ஸ்’ செருமானியத்தில் மின்னலைக் குறிப்பது. மதிலைத் தாக்கிப் பிடித்தலை ஆங்கிலர் ‘ஸ்டார்ம்’ என்பர், அது புயல். நம்மிடத்துச் ‘சூறை’ என்பது சுழல்காற்றையும் கொள்ளையையும் ஒருங்கே உணர்த்துதல் காண்க. ஏணி சார்த்தி மதிலேறுதலை ‘எஸ்கலேட்’ என்னும் சொல் குறிக்கும்; ஏணியைக் குறிக்கும் இலத்தீன்வழிச் சொல்லடியாக அது வந்தது. புறப்பொருள் வெண்பாமாலை உழிஞைத் துறைகளுள் ‘ஏணிநிலை’ என ஒன்று கூறுதலை நினைவார்க்கு, அச்சொல்லைப் பெயர்க்கப் புதுச்சொல் படைக்கும் வேலையே இல்லை என்பது விளங்கும். நம்மிடமிருந்து சென்ற சொல்லும் ஒன்று உண்டு. ‘லூட்’ என்னும் இந்திச்சொல் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துட் புகுந்தது. அதுவே தமிழில் ‘லூட்டி’ ஆகி, கொள்ளைப்பொருள் தேய்ந்து, சிறுவர் குறும்பளவில் நின்றுவிட்டது.

இனித் தமிழ்வழக்கினை நோக்குவோம். தொல்காப்பியர் வெட்சித்திணையைக் குறிஞ்சிக்குப் புறனாக அமைத்து, அதன் துறைகளை ஒரு செயலின் வரிசையாகவே நிரல்படக் கூறுகின்றார். படை புறப்படும் அரவம், நற்சொல் கேட்டல், பகைப்புலத்தார் அறியாவண்ணம் செல்லும் செலவு, ஒற்றால் அறிதல், ஊரைப் புறத்தே சூழ்தல், ஆகோள், பின்வந்தோரை மாற்றுதல், ஆவினை வருத்தமின்றிச் செலுத்துதல், ஊரில் நிறுத்துதல், பங்கிடுதல், உண்டாடுதல், கொடுத்தல் என அது செல்கின்றது. இவ்வரிசையிற் பாதி ஆநிரையைக் கொண்டபின் நிகழ்பவை. தாக்குதலினும் மீட்சியே துறைகளில் மிகுதியும் இடம்பெற்றுள்ளது. ரெய்டு என்பதன் உயிர்க்கூறாக யாம் மேலே கண்டது யாதோ, அதனையே தொல்காப்பியர் விரித்துள்ளார் எனல் மிகையன்று. ஆநிரை கவர்தலைப் போரின் தொடக்கமாகக் கொள்ளும் வழக்கு பிறநாட்டினர்க்கும் உண்டு. இருக்குவேதத்தில் ‘கவிஷ்டி’ என்னும் சொல் ஆவினை விரும்புதல் என்னும் பொருளிற் பிறந்து பூசலைக் குறிக்கின்றது. அயர்லாந்தின் பழங்காப்பியம் ஒன்று ஒரு காளையைக் கவரச் சென்ற படையெடுப்பையே கதையாகக் கொண்டது.

எனினும் ‘களவு’ என்னும் சொல்லைத் தொல்காப்பியரே வெட்சி நூற்பாவில் ஆண்டுள்ளார். உரையாசிரியர்க்கு அது நெருடிற்றுப் போலும். நச்சினார்க்கினியர், போர் நிகழுமுன் பகைநாட்டு ஆக்களைத் தீங்கினின்று காக்கும் அறச்செயலாகவே அதனை விளக்க முற்படுகின்றார். போர் வருமென்று அறிவித்தால் விலகிப்போகும் அறிவு ஆவிற்கு இல்லையாதலின், கொண்டுபோய்க் காத்தல் கடன் என்பது அவர் கருத்து. உரை நயமுடையது. ஆயின் மாட்டை இழந்தவன் இவ்வுரையை ஒப்புவானா என்பது வேறு வினா. அவன் சொல்வது என்னவென்று அறிய நூல்களை விட்டுக் கற்களிடம் செல்லுதல் வேண்டும்.

செஞ்சியிலிருந்து மேற்கே திருவண்ணாமலையைக் கடந்து சென்றால் செங்கம் வட்டாரம் வரும். அங்குள்ள நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் நூலாக வெளியிட்டது. அக்கல்வெட்டுகளில் ஆநிரை ‘தொறு’ எனப்படுகின்றது. தொறு மீட்டுப் பட்டவர்க்கு எடுத்த கற்களே மிகுதி. அவ்வட்டாரத்து எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்த நடுகல் ஒன்று உள்ளது. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் பட்டதையும், கோவிவன் என்னும் பெயருடைய நாய் இருவரைக் கடித்துக் காத்து நின்றதையும் அது பொறித்துள்ளது. அந்நாய் கடித்தவர்களைக் கல்வெட்டு ‘கள்ளர்’ என்னும் பொருள்படவே கூறுகின்றது. வெட்சி மறவர் என்று அவர்களை அது போற்றவில்லை. எல்லைப்புறத்து ஸ்காட்லாந்தினன் வேட்டைநாயுடன் துரத்தியதும், கோவிவன் காத்து நின்றதும் நினைவில் ஒருங்கே எழுகின்றன. ஒரே செயல் சென்றவன் ஊரில் வெட்சி. இழந்தவன் ஊரில் களவு.

இதனினும் தொன்மையான சான்று 2006ஆம் ஆண்டு தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ்ப்பிராமி நடுகல். கூடலூர் ஆகோளில் இறந்த தீயன் அந்துவனுக்கு அது எடுக்கப்பட்டது. தொல்காப்பியத் துறைப்பெயராகிய ‘ஆகோள்’ என்னும் சொல் அவ்வாறே கல்லில் நிற்றலைக் கண்டு தமிழறிஞர் உவந்தனர். அவன் கவரச் சென்ற பக்கத்தானா, மீட்கச் சென்ற பக்கத்தானா என்பதைக் கல் உரைக்கவில்லை. யாம் விரும்புவதும் அத்தகைய ஒரு சொல்லே. எப்பக்கமும் சாராது நிகழ்ச்சியை மட்டும் உணர்த்தும் சொல் வரலாற்றாசிரியனுக்கு வேண்டும். ‘கொள்ளை’ என எழுதும்பொழுது அவன் தீர்ப்பை முன்னரே எழுதிவிடுகின்றான்.

இவ்வளவில் செஞ்சிக்குத் திரும்புவோம். இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்து அமைந்தது இக்கோட்டை. இராசகிரி ஏறத்தாழ 800 அடி உயரமுடையது. உச்சியை அடையுமுன் பாறைப்பிளவு ஒன்றை மரப்பாலத்தாற் கடத்தல் வேண்டும். பாலத்தை எடுத்துவிட்டால் உச்சி தனித்து நிற்கும். 1677இல் சிவாசியின் கைக்கு வந்த இக்கோட்டையில், 1689இல் அவர் மகன் இராசாராம் அடைக்கலம் புகுந்தார். 1690இல் முகலாயப் படைத்தலைவன் சுல்பிகார்கான் வந்து முற்றினான். 1698ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே கோட்டை வீழ்ந்தது. அதற்குள் இராசாராம் தப்பிச் சென்றுவிட்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943இல் வெளியிட்ட சி. எஸ். சீனிவாசாசாரியாரின் செஞ்சி வரலாற்று நூலில் இந்நெடிய முற்றுகையின் விரிவைக் காணலாம்.

அம்முற்றுகையின் நடுவில், 1692ஆம் ஆண்டு டிசம்பரில், சாந்தாசி கோர்படே, தானாசி சாதவ் என்னும் இரு மராத்தியத் தலைவர் குதிரைப்படையுடன் மேற்கிலிருந்து விரைந்து வந்தனர். காஞ்சிப் பகுதியில் முகலாய அதிகாரியாயிருந்த அலிமர்தான்கான் சாந்தாசியின் கையிற் சிறைப்பட்டான். கோட்டையைச் சூழ்ந்திருந்த பாசறைகளுக்கு உணவு வரும் வழிகள் அடைபட்டன. முற்றியவரே முற்றப்பட்டவர் போலாயினர். ஔரங்கசீபின் மகன் காம்பக்ஷ் பகைவரோடு உறவாடுகின்றான் என்ற ஐயத்தின்பேரில் அவனை அவன் பக்கத்தாரே காவலில் வைத்தனர். இறுதியில் சுல்பிகார்கான் முற்றுகையை விட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினான். மராத்தியர் அங்கு நிலம் பிடிக்க வந்தவரல்லர். தாக்கினர், குலைத்தனர், பெயர்ந்தனர். ரெய்டு என்னும் சொல் அதன் மூன்று கூறுகளோடும் செஞ்சியில் முழுமையாகப் பொருந்தும் இடம் இஃதொன்றே என்பது எம் கருத்து. இதனைத்தான் அவ்வாய்வேடு ‘முற்றுகை’ என்றது.

தேசிங்குராசனின் இறுதிப்போர் வேறு வகையது. ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் பெரும்படையை எதிர்த்து, 1714ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் சில நூறு குதிரைவீரருடன் அவன் பாய்ந்து பொருது பட்டான். நாட்டுப்பாடல் அவன் குதிரை பாராசாரியையும் அவனோடு சேர்த்தே பாடுகின்றது. ‘ஊர்ந்து செல்லுதல்’ என்ற வேர்ப்பொருளை மட்டும் கொண்டால் இதனினும் பொருத்தமான ‘ரெய்டு’ கிடையாது. ஆயின் பகலில், நேர்நின்று, மீளும் எண்ணமின்றிச் சென்றவன் செயலை அச்சொல்லால் கூறுதல் பொருந்தாது. அது தும்பை.

1750ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் இரவு புஸ்ஸி என்னும் பிரெஞ்சுத் தலைவன் செஞ்சியைக் கைப்பற்றியதை ஆங்கில நூல்கள் சில ‘ரெய்டு’ என்றே சுருங்கக் கூறிப்போகின்றன. அது தவறு. முன்மாலையில் கோட்டைக்கு வெளியே இருந்த படையை முறியடித்து, வெடிமருந்துக் கருவியால் வாயிற்கதவை உடைத்துப் பிரெஞ்சுப்படை கீழ்க்கோட்டையினுட் புகுந்தது. மூன்று குன்றுகளிலிருந்தும் பீரங்கி பொழிய, அவர்கள் பேட்டையில் ஒதுங்கி நிலவு மறையும் வரையில் காத்திருந்தனர். வளர்பிறை நிலா பின்னிரவில் மறைந்ததும் மூன்று பகுதியாகப் பிரிந்து மூன்று குன்றுகளிலும் ஒருங்கே ஏறினர். விடியற்காலையில் கோட்டை முழுதும் அவர் கையில் இருந்தது. எல்லைப்புறத்து ஸ்காட்லாந்தினர்க்கு நிலவு துணை; புஸ்ஸிக்கு நிலவு பகை. அதனினும் பெரிய வேறுபாடு யாதெனின், புஸ்ஸியின் படை மீளவில்லை. 1761ஆம் ஆண்டு ஏப்ரல் வரையில் செஞ்சி பிரெஞ்சுக்காரர் வசமே இருந்தது. இடையே 1752இல் அதனைப் பிடிக்க வந்த மேஜர் கின்னியர் கோட்டையின் வலிமை கண்டு திரும்பி, விக்கிரவாண்டியில் தோல்வியுற்றார். மதிலேறிப் பிடித்துத் தங்குதல் உழிஞையே. அந்த இரவில் நிகழ்ந்ததை ‘இரவு உழிஞை’ எனின் குற்றமில்லை.

அக்காலத்து ஆங்கிலேயரே இதனை ரெய்டு எனக் கூறியிருத்தல் அரிது. ஸ்காட் அச்சொல்லை மீட்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முற்பட்ட நிகழ்ச்சி அது. பதினெட்டாம் நூற்றாண்டின் பொது ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு இடமில்லை. ஆதலின் செஞ்சி பற்றிய நூலில் இச்சொல்லைக் காணும் மாணவன், இது நிகழ்ச்சியைக் கண்டவன் சொல்லன்று, பின்னாளைய ஆசிரியன் கணிப்பு என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும். ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பு போன்ற சமகாலத் தமிழ்ச் சான்று கையிலிருக்க, பின்னாளைய ஆங்கிலச் சொல்லிலிருந்து தமிழுக்கு நிகழ்ச்சியைத் திரும்பக் கொணர்வது வீண் சுற்று.

அவ்வாறாயின் 1692இல் நிகழ்ந்ததைத் தமிழில் எங்ஙனம் குறிப்பது? வெட்சி எனலாமெனின், அங்கு ஆநிரை இல்லை. ‘திடீர்த் தாக்குதல்’ மூன்று கூறுகளில் ஒன்றையே உணர்த்தும். ‘மீள்தாக்குதல்’ எனின் எதிர்த்தாக்குதல் என மயங்கும். ‘ஊடுருவல்’ வேறு பொருளது. யாம் முன்வைப்பது ‘தாவடி’ என்னும் சொல். தாவி அடியிடுதலைக் காட்டும் இச்சொல்லுக்கு அகராதிகள் பயணம், போர் என்னும் இருபொருளும் தருகின்றன. செல்லுதலே தாக்குதலாக மாறிய பொருள்வளர்ச்சி ‘ராட்’ என்பதற்கும் இதற்கும் ஒத்தது. படை மேற்செல்லுதலை ‘மேற்செலவு’ என வஞ்சிக்குக் கூறும் மரபும் இதற்கு அரணாகும். விரைவும் பெயர்ச்சியும் இதில் உள; எப்பக்கத்தையும் பழிக்கும் குறிப்பு இல்லை. மீளுதல் என்னும் கூறு வெளிப்படையாக இல்லை என்பது உண்மையே. ‘ரெய்டு’ என்பதிலும் அது வெளிப்படையாக இல்லை. வழக்கே அதனை ஊட்டிற்று.

வழக்கு வீழ்ந்த சொல்லை எடுத்தாளலாமா என வினவுவர். ஸ்காட் எடுத்ததும் வழக்கு வீழ்ந்த சொல்லே. எல்லா இடத்தும் இதனைப் புகுத்துக என்பது எம் வேண்டுகோளன்று; நாளிதழார்க்குத் ‘திடீர்ச் சோதனை’ போதும், ஆடுகளத்தார்க்குப் ‘பாடிச் செல்லுதல்’ இருக்கின்றது. செஞ்சிக் கோட்டை 2025ஆம் ஆண்டு சூலையில் மராத்தியர் படைநிலைக் கோட்டைகளின் வரிசையில் யுனெஸ்கோவின் உலக மரபுச்சின்னப் பட்டியலிற் சேர்க்கப்பட்டமையின், அதனைப் பற்றி எழுதுவோர் தொகை பெருகிவருகின்றது. அவர்கள் ஆளும் சொற்களே அடுத்த தலைமுறையின் பாடநூலில் ஏறும். மேற்குறித்த ஆய்வேட்டின் அத்தொடரை மாணவர் இவ்வாறு திருத்தி எழுதினார்: ‘1692 டிசம்பரில், செஞ்சியை முற்றியிருந்த முகலாயர் பாசறைகளின்மீது மராத்தியர் தாவடி நிகழ்த்தினர்.’